நம்ம கோயில் வேப்பமரமும் ஏட்டில் ஏறாத கணக்கும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. ரெண்டாம் ஷிப்ட் முடிஞ்சு வந்து மூணு ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். பொறுமையா படிங்க.

போன ஞாயிறு நிர்வாகக் கூட்டத்தில் வேப்பமரத்தை வெட்டுற பேச்சு வந்தது உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். காடி நிறுத்த இடம் பத்தலை. இலை விழுந்து கால்வாய் அடைக்குது. வேர் தளக்கல்லைத் தூக்குது. மூணும் உண்மைதான், நான் மறுக்கலை. ஆனா அப்ப ஒரு தம்பி மரியாதையாவே கேட்டார்: "அண்ணே, அந்த மரத்துக்கு என்ன வரலாறு இருக்கு? யார் நட்டது, எப்ப நட்டதுன்னு ஏதாவது ரெக்கார்ட் இருக்கா?" எனக்குப் பதில் வரலை. ரெக்கார்ட் இல்லை. வீட்டுக்கு வந்து ராத்திரி பூரா அதே யோசனை. அந்தத் தம்பிக்குத்தான் இந்தப் பதில்.

நம்ம பேராக்கில் ஒரு மரத்துக்குப் பிறப்புச் சான்றிதழே இருக்கு. அது பால்மரம். 1876-ல் ஹென்றி விக்ஹாம்ங்கற வெள்ளைக்காரர் பிரேசிலில் இருந்து ஏறக்குறைய 70,000 விதையை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கப்பலில் கொண்டுபோனார். ரப்பர் விதை சீக்கிரம் செத்துப்போகும், அதனால அவசர அவசரமா போனது. முளைச்சது கொஞ்சம்தான். 1877-ல் 22 கன்று சிங்கப்பூருக்கு வந்தது. அதில் 9 கன்று கோல கங்சாரில் ரெசிடென்ட் ஹியூ லோ இருந்த பங்களாத் தோட்டத்தில் நடப்பட்டது. அந்தக் காலத்து மரம்னு ஒன்றை இன்னும் வேலி போட்டு, பலகை வச்சுப் பாதுகாக்குறாங்க. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப்போய்க் காட்டுறாங்க. நல்ல விஷயம்.

அந்த மரத்துக்குப் பால் வெட்ட வந்த நம்ம ஆளுங்க கூட வந்த மரத்துக்கு ஒரு வரி கிடையாது.

வேம்பு இந்த மண்ணோட மரம் இல்லை. வெயிலும் வறட்சியும் உள்ள ஊரு மரம் அது. மலாய்க்காரங்க அதுக்கு செமாம்புன்னு சொல்வாங்க. நம்ம காட்டில் அதுக்கு ஒரு தம்பி உண்டு, பேரு செந்தாங். ஒரே குடும்பம், இலையைப் பார்த்தாலே தெரியும். 1990-களில் பழைய ரப்பர் நிலத்தில் பலகைக்காக அதை நட்டாங்க. ஆனா நம்ம கோயிலில் நிக்கிறது செந்தாங் இல்லை, அசல் வேம்பு. அது கடல் தாண்டித்தான் வந்திருக்கணும். எப்படி?

வேப்பங்கொட்டையும் ரப்பர் விதை மாதிரிதான். சும்மா வச்சிருந்தா சில வாரத்தில் முளைப்புச் சக்தி போயிடும். 1926-ல் கட்டின ராஜுலா கப்பல் 1970-களின் தொடக்கம் வரைக்கும் மெட்ராஸ், நாகப்பட்டினத்தில் இருந்து பினாங்குக்கு ஓடுச்சு. பயணம் ஏறக்குறைய ஒரு வாரம். அதுக்கு முந்தி வேற கப்பல்கள். ஊரில் பொறுக்கின கொட்டை ஒரு வாரம் கழிச்சும் முளைக்கும். பினாங்கில் இறங்கி, தனிமை முகாமில் நாள் கழிச்சு, ரயில் ஏறித் தோட்டம் வந்து சேர்ந்தாலும் கொஞ்சமாவது முளைக்கும். விக்ஹாமுக்குக் கியூ தோட்டம் இருந்தது, கண்ணாடி வீடு இருந்தது. நம்ம பாட்டிமாருக்கு முந்தானை முடிச்சு இருந்தது. அப்படித்தான் வந்திருக்கும்னு நான் நினைக்கிறேன். எந்தத் துரை ஆபீஸ் ஏட்டிலும் இது ஏறலை. கிராணி எழுதினது எத்தனை ஆள் பெரட்டுக்கு வந்தான், எத்தனை பவுண்டு பால், எத்தனை பேர் ஆஸ்பத்திரியில், அவ்வளவுதான்.

இவ்வளவு கஷ்டத்திலும் எதுக்கு இந்தக் கொட்டையைக் கொண்டு வரணும்? நகை நட்டு இல்லாதவங்க, மாத்துத் துணி இல்லாதவங்க. ஆனா ஆத்தா இல்லாம ஒரு ஊரில் குடியிருக்க அவங்களுக்கு தைரியம் கிடையாது. ஆத்தா இருந்தா வேப்பிலை வேணும். கரகத்துக்கு வேணும், காப்புக்கு வேணும், தீமிதிக்கு வேணும், ஆடி மாசம் கூழ் ஊத்துற பானை வாயில் கட்ட வேணும்.

அதுக்கெல்லாம் முந்தி நோய்க்கு வேணும். அந்தக் காலத்துத் தோட்டத்தில் மலேரியா, காலரா, பெரியம்மை எல்லாம் லயத்துக்கு லயம் தாவும். பத்துக்குப் பத்து அறையில் ஒரு குடும்பம், நடுவில் ஒரு பலகைச் சுவர். ஒரு வீட்டில் அம்மை போட்டா வாசலில் வேப்பிலை சொருகுவாங்க. "ஆத்தா வந்திருக்கா"ன்னு அர்த்தம். வெளி ஆள் உள்ளே போகமாட்டான். அந்த வீட்டு ஆள் இன்னொரு வீட்டுக்குப் போகமாட்டான். தலைக்குத் தண்ணி ஊத்துற நாள் வரைக்கும் இதுதான் சட்டம். 2020-ல் நம்ம எல்லாரையும் வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டினாங்களே, அதுக்கு மஞ்சள் நாடா கட்டினாங்க. எங்க பாட்டி காலத்தில் பச்சை இலை. படிக்கத் தெரியாத ஆளுக்கும் புரியற நோட்டீஸ் போர்டு அது. பெரியம்மையை ஒழிச்சது இலை இல்லை, தடுப்பூசிதான். 1980-ல் உலகச் சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிஞ்சதுன்னு அறிவிச்சது. ஆனா ஊசி வந்து சேராத லயத்தில் ஆளை ஆள் தொடாம நிறுத்தி வச்சது அந்த இலைதான்.

நம்ம பக்கத்திலேயே இதுக்கு ஒரு சாட்சி இருக்கு. பத்து காஜாவில் கெல்லீஸ் காசல் பார்க்கப் போறவங்க நிறையப் பேர் படம் புடிச்சுட்டு அப்படியே திரும்பிடுறாங்க. ரெண்டு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கு. வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர், கிந்தா கெல்லாஸ் தோட்டத்து முதலாளி. மாளிகை கட்ட மெட்ராஸில் இருந்து ஆள் கொண்டு வந்தார். அப்ப ஸ்பானிஷ் காய்ச்சல் வந்து வேலையாட்கள் வரிசையாச் செத்தாங்க. 1918 உலகம் பூராவும் அந்தக் காய்ச்சல் அடிச்ச வருஷம். நம்ம ஆளுங்க துரைகிட்டப் போய் ஆத்தாவுக்கு ஒரு கோயில் வேணும்னு கேட்டாங்க. அவரும் கட்டிக் கொடுத்தார். நன்றிக்கு அவங்க செஞ்சது என்னன்னா, கோயில் மேல சாமி சிலைங்க வரிசையில் கோட்டுப் போட்ட துரைக்கும் ஒரு சிலை வச்சாங்க. இன்னிக்கும் இருக்கு, போய்ப் பாருங்க. துரை 1926-ல் லிஸ்பனில் காய்ச்சல் கண்டு இறந்தார். மாளிகை முடியவே இல்லை. கோயிலில் பூசை நடக்குது.

இப்ப ஒரு கசப்பான விஷயம். வேம்புதானே, கசக்கத்தான் செய்யும்.

வேப்பிலைன்னா எல்லாம் மருந்துன்னு நம்ம ஆளுங்க நினைக்கிறாங்க. தோட்டத்தில் கைக்குழந்தைக்குச் சளி, இருமல், வயித்துப் பொருமல்னா வேப்பெண்ணெய் ஒரு சங்கு ஊத்துற பழக்கம் இருந்தது. 1981-ல் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினாங்க: வேப்பெண்ணெய் குடிச்ச குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு வந்து ஈரலும் மூளையும் கெட்டுப்போகுதுன்னு. நம்ம நாட்டுக் குழந்தைகளைப் பார்த்துத்தான் அதை எழுதினாங்க. செத்த பிள்ளைகளும் உண்டு. எங்க லயத்திலேயே ஒரு குழந்தை அப்படிப் போனதா எங்கம்மா சொல்வாங்க. அப்ப அதுக்கு வேற காரணம் சொன்னாங்க, கண்ணு பட்டதுன்னு. அதனால கோயிலில் தீர்த்தம் வாங்குற தாய்மாருக்கு ஒண்ணு சொல்றேன். இலையைக் கொதிக்க வச்ச தண்ணியில் குளிப்பாட்டுங்க. எண்ணெயைச் செடிக்கு ஊத்துங்க. பிள்ளை வாயில் ஒரு சொட்டும் வேணாம்.

செடிக்குன்னு சொன்னேன் இல்லையா, அங்கேதான் வேம்போட அசல் பலம். 1959-ல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து பச்சை எல்லாத்தையும் தின்னுட்டுப் போனப்ப, வேப்பமரம் மட்டும் இலையோட நின்னதை ஹைன்ரிச் ஷ்முட்டரர்னு ஒரு ஜெர்மன் பூச்சியியல் நிபுணர் பார்த்தார். அப்புறம் ஆயுசு பூரா அதையே ஆராய்ச்சி பண்ணினார். 1968-ல் இங்கிலாந்தில் அந்தச் சத்தைப் பிரிச்சு எடுத்தாங்க, அசாடிராக்டின்னு பேரு. அது பூச்சியை உடனே கொல்லாது. தின்ன விடாது, தோல் உரிக்க விடாது, வளர விடாது. அதனாலதான் சில பேர் "தெளிச்சேன், ஒண்ணும் ஆகலை"ன்னு ரெண்டாம் நாளே பாட்டிலைத் தூக்கிப் போடுறாங்க. ஒரு வாரம் பொறுக்கணும்.

செய்முறை கேட்டுப் பல பேர் மெசேஜ் போட்டீங்க, இங்கேயே எழுதிடுறேன். வேப்பங்கொட்டைப் பருப்பு இடிச்ச தூள் 50 கிராம், ஒரு லிட்டர் தண்ணியில் ராத்திரி பூரா ஊறட்டும். துணியில் வடிகட்டி, கொஞ்சம் சோப்புத் தண்ணி கலந்து தெளிக்கணும். சாயங்காலம்தான் தெளிக்கணும். வெயில் பட்டா அந்தச் சத்து சிதைஞ்சிடும். நம்ம ஈப்போ மழையில் மரம் அவ்வளவாக் காய்க்காது, அதனால கொட்டைக்கு அலைய வேணாம். கடையில் விக்கிற வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, பாத்திரம் கழுவுற சோப்பு நாலு சொட்டு, நல்லாக் குலுக்கி அடிச்சா போதும். கறிவேப்பிலையில் வர்ற பூச்சிக்கும், கத்தரியில் மாவுப்பூச்சிக்கும் நான் அதைத்தான் அடிக்கிறேன். பிண்ணாக்கு கிடைச்சா மண்ணில் கலந்துடுங்க, வேரைத் தின்னுற புழு குறையும். இந்தியாவில் 2015-ல் இருந்து உள்நாட்டில் செய்யுற யூரியா உரம் முழுசுக்கும் வேப்பெண்ணெய் பூசணும்னே சட்டம் போட்டுட்டாங்க. பூசினா உரம் மெதுவாக் கரையும், வீணாகாது.

ஏட்டு விஷயத்துக்கு வர்றேன்.

வேப்பெண்ணெயை வச்சுச் செடியில் வர்ற பூஞ்சைக் காளானைத் தடுக்கிற முறைக்கு 1994 செப்டம்பரில் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் ஒரு காப்புரிமை கொடுத்தது. வாங்கினது யாருன்னா அமெரிக்க விவசாயத் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் கம்பெனியும். நம்ம பாட்டன் பூட்டன் செஞ்சதுக்கு அங்கே உரிமைச்சீட்டு. இதை எதிர்த்து வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்றப் பசுமைக் கட்சியைச் சேர்ந்த மாக்டா ஆல்வோட், இயற்கை விவசாய இயக்கங்களோட உலகக் கூட்டமைப்பு மூணு பேரும் சேர்ந்து வழக்குப் போட்டாங்க. "எங்க ஊரில் எல்லாருக்கும் தெரியும்"னு சொன்னா அங்கே எடுபடாது. யார் செஞ்சது, எந்த ஊரில், எந்த வருஷம்னு கேப்பாங்க. அப்ப சாட்சி சொன்னவர் அபய் பட்கேன்னு ஒரு இந்தியத் தொழிற்சாலை நிர்வாகி. 1985, 1986-லேயே மகாராஷ்டிராவில் புனே, சாங்லி மாவட்ட வயல்களில் இதைச் சோதனை பண்ணிப் பார்த்ததை அவர் எடுத்துச் சொன்னார். 2000 மே மாசம் மியூனிக்கில் காப்புரிமை ரத்து. அவங்க மேல்முறையீடு போனாங்க, 2005 மார்ச்சில் அதுவும் தள்ளுபடி. பத்து வருஷ வழக்கு.

மஞ்சளுக்கும் இதே கதைதான். காயத்தை ஆத்த மஞ்சள்னு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை. இந்திய அரசு ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களைத் தேடி எடுத்துக் காட்டி 1997-ல் ரத்து பண்ண வச்சது. ஏட்டில் இருந்ததால ஜெயிச்சாங்க.

நான் கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எங்கப்பா பால் வெட்டினார், நான் அதே பாலில் செய்யுற கையுறையை எண்ணிக்கிட்டு இருக்கேன். தணிக்கைக்கு வர்ற ஆளு எங்ககிட்ட ஒண்ணுதான் சொல்வார்: எழுதி வைக்கலைன்னா நீங்க அந்த வேலையைச் செய்யலை. இருபது வருஷமா எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டா கோபம் வரும். ராத்திரி முழிச்சு மிஷினைக் கழுவினவனுக்குத்தானே தெரியும். ஆனா போன ஞாயிறு அந்தத் தம்பி கேட்டப்ப நான் நின்ன நிலையை நினைச்சா, தணிக்கைக்காரர் சொன்னது சரின்னு தோணுது. அதனால எனக்குத் தெரிஞ்சதை எழுதி வைக்கிறேன்.

எனக்குத் தெரிஞ்ச வரைக்கும், 1970-களில் நான் சின்னப் பையனா இருந்தப்பவே அந்த மரம் ரெண்டு ஆள் கட்டிப்பிடிக்கிற பருமன். கோயில் அப்ப அத்தாப்புக் கூரை மாறித் தகரக் கூரை. பெரட்டு முடிஞ்சு வெட்டுக்குப் போறவங்க இருட்டோட மரத்தடியில் சூடம் ஏத்திட்டுப் போவாங்க. பல் விளக்குற குச்சி அதில்தான். அரிசி மூட்டைக்குள்ள போடுற காஞ்ச இலை அதில்தான். ஆயாக் கொட்டாய்ப் பிள்ளைகளுக்கு அம்மை வந்தா இலை அதில்தான். சித்திரை வருஷப் பிறப்புப் பச்சடிக்கு மட்டும் பூ பத்தாது, அதை ஜாலான் லஹாட் கடையில் காஞ்ச பூவா வாங்குவோம், இன்னிக்கும் அப்படித்தான். பக்கத்துக் கம்போங் மலாய்க்கார அக்கா ஒருத்தர் வந்து பிள்ளைக்குச் சொறிக்கு இலை கேட்டு வாங்கிட்டுப் போவார். அவர் ஹஜ் போயிட்டு வந்து, "அங்கேயும் உங்க மரம் இருக்கு"ன்னு சொன்னார். அப்ப யாரும் நம்பலை. பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். மக்கா பக்கத்தில் அரபாத் மைதானத்தில் யாத்திரிகர்களுக்கு நிழலுக்காக ஏறக்குறைய 50,000 வேப்பமரம் நட்டிருக்காங்க.

பலகை விஷயம் சொல்லாம விட்டா இந்தப் பதிவு முழுசாகாது. வேம்பு மஹோகனி குடும்பத்து மரம். உள்கட்டை செங்காவி நிறம், நல்ல கனம், கறையான் கிட்ட வராது. ஊரில் வண்டி அச்சு, கதவு, கட்டில் எல்லாம் செய்வாங்க. பூரி ஜெகந்நாதர் கோயில் மூலவரே வேப்பமரம்தான், கல் கிடையாது. ஆடி மாசத்துக்குச் சமமான அவங்க ஆஷாட மாசம் ரெண்டு தடவை வர்ற வருஷத்தில் பழைய திருமேனியை மாத்திப் புதுசு செய்வாங்க. கடைசியா 1996, அப்புறம் 2015. மரத்தைத் தேடிப்போறதே ஒரு விரதம். பக்கத்தில் ஆறு இருக்கணும், புத்து இருக்கணும், பட்டையில் சங்கு சக்கரக் குறி தெரியணும். தங்கக் கோடாலி, வெள்ளிக் கோடாலி தொட்ட பிறகுதான் இரும்புக் கோடாலி வைப்பாங்க. வேம்பை வெட்டவே கூடாதுன்னு நான் சொல்ல வரலை, பாருங்க. சாமியையே அதில்தான் செய்யுறாங்க. காடி நிறுத்த வெட்டுறதுதான் எனக்குத் தொண்டையில் நிக்குது.

நம்ம மரத்திலும் ஒரு பலகை இருக்கு. 1990-களில் ஒரு புயல் மழையில் கிழக்குக் கிளை முறிஞ்சது. தோட்டம் அப்ப துண்டு போட்டு வித்து, செம்பனை வச்சு, தாமான் வரப்போற நேரம். தோட்டத்தில் இருந்த ஆசாரித் தாத்தா அந்தக் கிளையை ஆறு மாசம் நிழலில் காயப்போட்டு, பூசாரி உட்காருற மனை ஒண்ணு செஞ்சு கொடுத்தார். ஆணி இல்லாத வேலை. அது இருந்த அதே அறையில் மெராந்திப் பலகை அலமாரி ஒண்ணு இருந்தது, அதைக் கறையான் தின்னு தூளாக்கிடுச்சு. மனைக்கு ஒரு ஓட்டை கூட இல்லை.

கடைசியா என் தப்பையும் எழுதிடுறேன், ஏட்டில் அதுவும் இருக்கட்டும். 2009-ல் வாசலுக்கு சிமெண்டு போட்டப்ப வேலையை முன்னின்னு பார்த்தது நான்தான். மழையில் சேறாகுதுன்னு மரத்தோட அடி வரைக்கும் இடைவெளி இல்லாம போட வச்சேன். அன்னிக்கு எல்லாரும் என்னைப் பாராட்டினாங்க. வேம்புக்குத் தண்ணி தேங்கினா ஆகாது, வேருக்குக் காத்தும் வேணும். சிமெண்டுக்கு அடியில் ரெண்டும் கெட்டுச்சு. அந்த நாலஞ்சு வருஷத்தில்தான் உச்சி காய ஆரம்பிச்சது. வேர் மூச்சுக்கு மேல வந்து தளக்கல்லைத் தூக்குது. மரம் நம்ம இடத்தைக் கெடுக்குதுன்னு சொல்றோம், முதல்ல கெடுத்தது நான்.

நான் கேக்கறது இதுதான். மரத்தைச் சுத்தி ஆறு அடிக்கு சிமெண்டை உடைச்சு மண்ணைத் திறந்து விடலாம். அதைச் செய்ய என் செலவில் ஆள் கூட்டிட்டு வர்றேன். தகரத்து மேல சாயுற ரெண்டு கிளையை மட்டும் முறையா வெட்டலாம், பலகையை வீணாக்க வேணாம். கால்வாய்க்கு மேல கம்பி வலை போட்டா இலை உள்ளே போகாது. காடி நாலு குறைவா நிக்கும். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு எதிரே திடல் இருக்கு, நடக்க முடியாதவங்களை வாசலில் இறக்கி விட்டுட்டு அங்கே நிறுத்தலாம். தொண்டர் ரெண்டு பேர் நின்னு பார்த்துக்கலாம், நான் ஒருத்தன்.

அடுத்த ஞாயிறு காலை பூசை முடிஞ்சு 10 மணிக்குக் கூட்டம். தோட்டத்து ஆளுங்க யார் வீட்டிலாவது பழைய கல்யாணப் படம், தீமிதிப் படம் இருந்தா, பின்னாடி மரம் தெரியுதான்னு பாருங்க. 1970-க்கு முந்தின படமா இருந்தா ரொம்ப நல்லது. வயசான பாட்டிமாரிடம் யார் நட்டதுன்னு கேட்டு, சொன்னவங்க பேரு, அவங்க இருந்த லயம், சொன்ன தேதி எல்லாம் எழுதிக் கொண்டு வாங்க. ஒரு புது நோட்டுப் புத்தகம் வாங்கி வச்சிருக்கேன், முதல் பக்கத்தில் 2009 சிமெண்டு விஷயத்தை எழுதிட்டேன். ஆசாரித் தாத்தா செஞ்ச மனையைக் கழுவித் துடைச்சு மகாமண்டபச் சுவரோரம் சாய்ச்சு வச்சிருக்கேன். வர்றவங்க ஒரு தடவை கையில் தூக்கிப் பாருங்க.